குஹ்லி லோச்: ஒளிய இடம் கொடுத்தால்தான் வெளியே வரும்

குஹ்லி லோச் என்ற வளர்ப்பு மீனை வாங்கித் தொட்டியில் விட்ட மறுநாள், மீனைக் காணோமே என்று மரத்துண்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். மூன்று நாள் கழித்து மறுபடியும் தூக்குவார்கள். அடுத்த வாரம் "இவ்வளவு மறைப்பு எதற்கு" என்று பாதிச் செடியைப் பிடுங்கி எறிவார்கள். அதற்குப் பிறகு அந்த மீன் ராத்திரி இரண்டு மணிக்குக்கூட வெளியே வராது.

இந்த மீனின் கணக்கு நேர்மாறு. ஒரு சாண் தூரத்தில் ஓடி நுழைய இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் வெட்டவெளிக்கு வரும். மறைவிடத்தைக் கூட்டக் கூட்டத்தான் மீன் அதிகமாகக் கண்ணில் படும். மணல், குழாய், சருகு, தீனி போடும் நேரம் என்று இங்கே சொல்வதெல்லாம் அந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

கடைகளில் "கூலி லோச்" என்பார்கள். அது தப்பான உச்சரிப்பு அல்ல. ஜாவாவுக்குப் போய் 1821-ல் 23 வயதிலேயே இறந்துபோன ஜெர்மன் விலங்கியலாளர் ஹைன்ரிக் கூல் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள். உண்மையான பாங்கியோ குஹ்லி ஜாவாவில் இருப்பது. நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி மலேயா, சுமத்ரா, போர்னியோ பக்கத்து நெருங்கிய உறவான பாங்கியோ செமிசின்க்டா. வளர்ப்பு முறை இரண்டுக்கும் ஒன்றுதான். எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம், பென்சில் தடிமன், மஞ்சள் உடம்பில் கரும்பழுப்புப் பட்டைகள், வாயைச் சுற்றி மீசை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடத்தையும் தாண்டும்.

நம் அயிரையும் இதே குடும்பம். அயிரையை உயிரோடு வாங்கிப் பாலில் விட்டு மண்ணைக் கக்கவைத்துக் குழம்பு வைப்பார்களே, அந்த மண் அள்ளும் பழக்கம் குஹ்லிக்கும் உண்டு. இதன் இனத்தில் கேரளத்துக் கிணறுகளிலும் நிலத்தடி நீரிலும் வாழ்கிறவையும் இருக்கின்றன. கோழிக்கோட்டுப் பக்கம் கிடைத்து 2019-ல் பெயர் பெற்ற ஒன்றுக்கு பாங்கியோ புஜியா என்று பெயர். ஓமப்பொடி மாதிரியான அந்த வடநாட்டு நொறுக்குத்தீனியின் பெயரேதான். மீனைப் பார்த்தால் ஏன் என்று கேட்கமாட்டீர்கள்.

தொட்டியும் மூடியும்

ஆறு மீனுக்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் போதும். கணக்குக்கு 56 லிட்டர். மணல், மரம், மேலே விடும் இடைவெளி போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். உயரத்தைவிடத் தரைப் பரப்புதான் முக்கியம். ஆறுக்குக் குறைத்து வாங்காதீர்கள். இரண்டு மூன்று மட்டும் இருந்தால் ஆளுக்கொரு மூலையில் போய்ப் புதைந்துகொள்ளும். கும்பலாக இருந்தால் ஒரே குழாயில் அடுக்கிப் படுத்திருக்கும். ஒன்று வெளியே வந்தால் மற்றவையும் பின்னாலேயே வரும்.

மூடியில் பூனை நுழையும் சந்து தேவையில்லை, பென்சில் நுழைகிற சந்து போதும், மீன் தரையில் கிடக்கும். ஒயர், டியூப் போகிற ஓட்டைகளைப் பஞ்சு வைத்து அடைத்துவிடுங்கள்.

ஃபில்டருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரே நல்லது. ஏர் பம்ப், ஒரு பஞ்சு, அவ்வளவுதான். தொங்கவிடும் ஃபில்டரோ பவர் ஃபில்டரோ போட்டால் உறிஞ்சும் வாயில் கட்டாயம் பஞ்சு மாட்டவேண்டும். இல்லாவிட்டால் குழாய் வழியே உள்ளே போய், ஃபில்டர் பெட்டியிலேயே குடியிருக்கும். தரைக்கடியில் தட்டு வைக்கிற அண்டர்கிராவல் ஃபில்டர் இதற்கு ஆகவே ஆகாது. தட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே புகுந்தால் தொட்டியைப் பிரிக்காமல் எடுக்க முடியாது.

மணல்

செலவில் எதை வேண்டுமானாலும் குறையுங்கள், இதில் வேண்டாம். குஹ்லி ஒரு வாய் மணலை அள்ளி, உணவை மட்டும் நிறுத்திக்கொண்டு, மீதியைச் செவுள் வழியே வெளியே தள்ளும். பக்கத்திலிருந்து பார்த்தால் கன்னத்துக்குப் பின்னால் மெல்லிய புகை போல மணல் கொட்டுவது தெரியும். பயம் வந்தால் தலையை முன்னே குத்தி அரை நொடியில் புதைந்தும் விடும். கடைக்காரர் எடுத்துத் தரும் வண்ணக் கற்களில் இந்த இரண்டுமே நடக்காது. கல்லுக்கிடையில் விழுந்த தீனியை எடுக்கவும் முடியாது, அது அங்கேயே அழுகும்.

தேவையானது ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த, உருண்டை முனையுள்ள மணல். நீச்சல்குள ஃபில்டருக்கு விற்கும் சிலிகா மணலில் மெல்லிய ரகம் நன்றாக இருக்கும். ஆற்று மணல் ஒரு வாளி கிடைத்தால் ஜன்னலுக்கு அடிக்கிற கொசுவலையில் சலித்துக்கொள்ளுங்கள். எம்-சாண்ட் கூடவே கூடாது. கருங்கல்லை உடைத்து எடுப்பதால் ஒவ்வொரு துகளுக்கும் கூர் விளிம்பு இருக்கும்; மீசை தேய்ந்து, வயிற்றில் கீறல் விழுந்து, அந்தக் கீறலில் தொற்று ஏறும். சந்தேகமாக இருந்தால் ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். உங்களைக் குத்தினால் மீனையும் குத்தும். கடற்கரை மணலில் கிளிஞ்சல் தூள் கலந்திருக்கும். தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும். வினிகர் நாலு சொட்டு விட்டால் நுரைக்கிற எந்த மணலும் வேண்டாம்.

மூன்றிலிருந்து நான்கு சென்டிமீட்டர் உயரம் போதும். இரண்டடித் தொட்டிக்கு 11 கிலோ ஆகும். அதற்கு மேல் போட்டால் அடியில் காற்றுப் போகாமல் கறுத்து, அழுகிய முட்டை வாடை வரும். அரிசி களைவது மாதிரி, வடிகிற தண்ணீர் தெளியும்வரை களையுங்கள். பத்துப் பன்னிரண்டு முறையாவது ஆகும்.

பெரிய கல், மரம் எதுவானாலும் முதலில் கண்ணாடித் தரையில் நேராக உட்காரவைத்து, அப்புறம் சுற்றி மணலைக் கொட்டுங்கள். மணல் மேல் கல்லை வைத்தால் மீன் அடியில் தோண்டும். கல் சரிந்து உட்கார்ந்தால் அதோடு முடிந்தது.

ஒளியும் இடம்

முக்கால் அங்குல பிவிசி குழாயைப் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஆறு துண்டாக அறுத்து, ஓரத்தை உப்புத்தாளால் தேயுங்கள். மும்மூன்றாக மீன்பிடி நரம்பால் கட்டி, பாதி மணலில் புதையும்படி தொட்டியின் இரு பக்கமும் ஒவ்வொன்று வையுங்கள். பார்க்க அழகில்லைதான். முன்னால் ஜாவா மாஸ் என்ற பாசியைக் கட்டிவிட்டால் ஒரு மாதத்தில் மூடிவிடும். குழாயின் ஒரு வாய் முன் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தால், உள்ளே படுத்திருக்கும் நாலைந்து முகங்களை அதைத் தொந்தரவு செய்யாமலே பார்க்கலாம்.

கொட்டாங்குச்சியும் நல்ல வீடு. நாரைச் சுரண்டி, அரை மணி நேரம் கொதிக்கவைத்து, இரண்டு நாள் ஊறவைத்து, ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் வாசல் வெட்டிக் கவிழ்த்துவிடுங்கள். உடைந்த மண்சட்டி ஓடும் ஆகும், விளிம்பைத் தேய்த்துக்கொண்டால். ஆகாதவை கடையில் விற்கும் பொம்மைக் கோட்டைகள். அவற்றில் அரை சென்டிமீட்டர் ஓட்டைகள் இருக்கும். மெலிந்த மீன் தலையை நுழைத்துவிடும், வயிறு மாட்டிக்கொள்ளும். ஓட்டை என்றால் தாராளமாக இருக்கவேண்டும், இல்லை அடைத்துவிடவேண்டும்.

மரத்தடியில் சருகு பரப்புங்கள். நாட்டு வாதாம் மரத்திலிருந்து தானாக உதிர்ந்து காய்ந்த பழுப்பு இலைதான் வேண்டும், பறித்த பச்சை இலை கூடாது. கழுவி, 20 லிட்டருக்கு ஓர் இலை. மூன்று நாளில் அமிழும், மூன்று வாரத்தில் நரம்பு மட்டும் மிஞ்சும். அப்போது அடுத்ததைப் போடலாம். தண்ணீர் நீர்த்த டிகாஷன் நிறத்துக்கு மாறும். இந்த மீனின் சொந்த ஊரும் அப்படித்தான், இலை மக்கிய காட்டுச் சதுப்பு. தண்ணீர் கறுத்தால் வெளிச்சம் குறையும், வெளிச்சம் குறைந்தால் மீன் துணியும்.

செடிகளில் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டையும் மரத்தில் கட்டலாம். இலங்கையைச் சேர்ந்த கிரிப்டோகோரைன் வென்ட்டியை மணலில் நடலாம். மேலே சால்வினியா மிதக்கவிடுங்கள். விளக்கு ஆறு மணி நேரம் போதும்.

தண்ணீர்

24 முதல் 28 டிகிரி, பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) 5.5 முதல் 7. சென்னையில் ஹீட்டர் மார்கழிக்கு மட்டும்தான். ஊட்டி, கொடைக்கானல் என்றால் வருடம் முழுக்க வேண்டும்.

சிக்கல் போர் தண்ணீரில்தான். டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 900 இருக்கிற போர் தண்ணீரில் எத்தனை வாதாம் இலை போட்டாலும் நிறம் மாறுமே தவிர பிஎச் அசையாது. கரைந்திருக்கும் கார்பனேட் உப்பு இலையின் அமிலத்தை விழுங்கிவிடும். ஆர்ஓ தண்ணீர் கலப்பதுதான் வழி. ஆர்ஓவில் டிடிஎஸ் 50 என்றால், ஒரு பங்கு போர், மூன்று பங்கு ஆர்ஓ சேர்த்தால் 260 பக்கம் வரும். அது போதும். ஆர்ஓ மெஷினின் கழிவுக் குழாயில் வருவதைச் சேர்த்து வைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது போர் தண்ணீரைவிடக் கடினமானது. லாரித் தண்ணீர், குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். ஆன்டி-குளோரின் விடுங்கள், அல்லது வாளியில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள்.

கோடையில் தண்ணீர் 31, 32 ஆகும்போது மூடிக்குப் பதில் வலை போட்டு, தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன மின்விசிறியைத் திருப்பிவையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகி வற்றியதை ஆர்ஓ தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள், உப்பு ஆவியாவதில்லை. ஐஸ் பாட்டில் போடுவது சட்டென்று இறக்கி சட்டென்று ஏற்றும், மீனுக்கு அது வெயிலைவிடக் கெடுதல். கரண்ட் போகிற ஊர் என்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

மீனுக்கு முன்னால் தொட்டி தயாராகவேண்டும். ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு, கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிப் பூஜ்யத்தில் நிற்கும்வரை பொறுங்கள். நம் வெப்பத்தில் நான்கு வாரம் ஆகலாம். ஏற்கெனவே ஓடும் தொட்டியின் அழுக்குப் பஞ்சைப் பிழிந்து இதில் விட்டால் வேகமாகும். சருகு மக்கி, மணல் கொஞ்சம் பழுத்த தொட்டியில்தான் குஹ்லி நன்றாக வரும். நேற்று வைத்த தொட்டியில் விட்டு அடுத்த வாரம் சாகக்கொடுப்பதுதான் இந்த மீனில் அதிகம் நடக்கிறது.

அதன்பின் வாரம் ஒரு வாளி, பத்து லிட்டர் எடுத்து, அதே வெப்பத்தில் பத்து லிட்டர் ஊற்றினால் போதும். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள், குழாயடியில் கழுவாதீர்கள். குளோரின் பட்டால் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா செத்துவிடும்.

வாங்கும்போது

சென்னைக் கொளத்தூர் மாதிரி பெரிய மீன் சந்தைக்கு, சனி ஞாயிற்றின் கூட்டம் இல்லாத நேரமாகப் போய், நிதானமாகப் பாருங்கள். மீசை முழுசாக இருக்கவேண்டும். தலைக்குப் பின்னால் உடம்பு உருண்டு இருக்கவேண்டும். தலை பெரிதாகவும் முதுகு கத்தி முனை போலவும் தெரிந்தால் உள்ளே புழு இருக்கலாம். இவற்றில் பல காட்டிலிருந்து பிடித்து வந்தவை. ஆறையும் ஒரே நாளில் ஒரே தொட்டியிலிருந்து வாங்குங்கள். ஒருக்களித்துக் கிடந்தாலோ, தலைகீழாகச் செடியில் சொருகிக்கொண்டிருந்தாலோ செத்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். அப்படித்தான் படுக்கும்.

வீட்டில் நான்கு வாரம் தனித் தொட்டி. 20 லிட்டர், ஒரு விரல்கடை மணல், குழாய், ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச். பையைத் திறந்து அப்படியே கொட்டாதீர்கள். வாளியில் விட்டு, ஏர் டியூப்பில் ஒரு முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக ஒன்றரை மணி நேரம் தொட்டித் தண்ணீரை இறக்குங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்க்கவேண்டாம்.

சாப்பிட்டும் மெலிகிற மீனுக்கு லெவாமிசோல் ஹைட்ரோகுளோரைடு என்ற குடற்புழு மருந்து, லிட்டருக்கு 2 மில்லிகிராம். 20 லிட்டருக்கு 40. இருட்டில் ஒரு நாள் வைத்து, தரையை நன்றாக உறிஞ்சி எடுத்து, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். விழுந்த புழுவை மறுபடி தின்னக்கூடாது என்பதற்காகத்தான் உறிஞ்சுவது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை.

தீனியும் நேரமும்

சாப்பாடு எளிது: அமிழும் சின்ன பெல்லட், உறைந்த ரத்தப்புழு, ஆர்ட்டீமியா என்ற பொடி இறால். ஆறு மீனுக்கு இரண்டு மில்லிமீட்டர் பெல்லட் எட்டு, அல்லது ரத்தப்புழுக் கட்டியில் கால்பங்கு. மிதக்கும் தீனி இதற்குப் போய்ச் சேராது. உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடையிலிருந்து வருகிறது, நோயும் கூடவே வரும்.

நேரம்தான் வித்தை. முதல் இரண்டு வாரம் விளக்கணைத்து அரை மணி கழித்து, குழாய் வாசலுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் போடுங்கள். மேலே நீந்தும் மீன்களுக்கு விளக்கணைக்கும் முன்பே கொடுத்துவிட்டால் அவை போட்டிக்கு வராது. மூன்றாவது வாரம் விளக்கணைத்தவுடன் போடுங்கள். அடுத்து, விளக்கணைக்கப் பத்து நிமிடம் முன்னால். இப்படி வாரம் பத்து நிமிடம் முன்னே நகர்த்திக்கொண்டே வந்தால் இரண்டு மூன்று மாதத்தில் மங்கல் வெளிச்சத்திலேயே வரிசையாக வரும். நடுவில் ஒருநாள் மரத்தைத் தூக்கினால் முதல் வாரத்துக்குத் திரும்பவேண்டும். பார்க்காமல் இருக்க முடியாது என்றால், ராத்திரியில் சிவப்பு ஜீரோ வாட் பல்பைத் தள்ளி வைத்துப் பாருங்கள். சிவப்பை இது அவ்வளவாகப் பொருட்படுத்தாது.

கூட வைப்பவை இதற்குத் தைரியம் தரவேண்டும். தலைக்கு மேலே சின்ன மீன்கள் அமைதியாகச் சுற்றிக்கொண்டிருந்தால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளும். ஹார்லிக்வின் ராஸ்போரா, எம்பர் டெட்ரா, ஸ்பார்க்லிங் கௌராமி நல்ல ஜோடி. டைகர் பார்ப், ரெட்டெய்ல் ஷார்க், சிக்லிட் வகைகள் வேண்டாம். ஏஞ்சல் மீன் பெரிதானால் இதைப் புழு என்று நினைக்கும். பாதி சரிதான், பார்க்க அப்படித்தான் இருக்கிறது.

கோளாறு வந்தால்

செதில் மிகப் பொடிசு, தலையில் இல்லவே இல்லை. அதனால் மருந்து மற்ற மீன்களைவிடச் சீக்கிரம் உறைக்கும். வெள்ளைப்புள்ளி நோய் பெரும்பாலும் மழைக்காலத்தில், ராத்திரித் தண்ணீர் குளிரும்போது வரும். முதலில் ஒரு நாளில் ஒன்றிரண்டு டிகிரியாக 30 வரை ஏற்றி, ஏர் பம்பை அதிகமாக்கி, பத்துப் பதினான்கு நாள் வையுங்கள். தினம் தரையை உறிஞ்சுங்கள். அதற்கும் கேட்காவிட்டால் மாலகைட் கிரீன் மருந்தில் பாட்டிலில் எழுதியதில் பாதி அளவு. காப்பர் கலந்த மருந்து வேண்டாம்.

ஒன்று எப்போதாவது மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு இறங்கினால் அது இயல்பு. ஆறும் மாறி மாறி ஏறிக்கொண்டே இருந்தால் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது, அல்லது அம்மோனியா ஏறியிருக்கிறது. உடனே சோதித்துத் தண்ணீர் மாற்றுங்கள். வளர்ந்த பெண் மீனின் வயிற்றில் தோல் வழியே பச்சையாகத் தெரிவது கட்டியல்ல, சினை. மருந்து ஊற்றிவிடாதீர்கள்.

பிடிக்க வேண்டி வந்தால் வலையை எடுக்காதீர்கள். கண்ணுக்குக் கீழே மடங்கும் முள் ஒன்று உண்டு. வலைக்கண்ணில் கொக்கி போல மாட்டிக்கொள்ளும், பிய்த்தால் முகம் கிழியும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகுங்கள். வயல் மடையில் வைக்கிற பறி மாதிரிதான். அமிழ ஒரு கல், உள்ளே நாலு பெல்லட், வெட்டிய விளிம்பில் டேப். விளக்கணைத்தபின் குழாய்ப் பக்கம் படுக்கவையுங்கள். விடிகாலையில், விளக்குப் போடும் முன், வாயைக் கையால் மூடிப் பாட்டிலோடு தூக்குங்கள். மூன்று நான்கு உள்ளே இருக்கும். மீதிக்கு மறுநாள் ராத்திரியும் வைக்கவேண்டியதுதான், மரத்தைத் தூக்காமல்.